வளையில் கிடைத்த அரிசி

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் ஆண்டுக்கொரு மலர் போடும். இந்த ஆண்டு அதற்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார் தலைமையாசிரியை ரெஜினா. பாப்பா விஷயத்தை எழுதுங்கள், பிள்ளைகளுக்கு விழிப்புணர்வாக இருக்கும் என்றார். அவர் மனதில் இருப்பது, ஓர் அறிவியல் ஆசிரியர் தன் படிப்பால் ஓர் ஏழைப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய கதை. ஊரும் அதைத்தான் நம்புகிறது. அந்த ஆசிரியர் நான்தான். பெயர் தனகோடி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். நடந்தது அந்தக் கதை இல்லை. இதை மலரில் சேர்ப்பாரா என்று தெரியாது. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

பாப்பா எலி பிடிப்பவர். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். ஏரிக்கரையை ஒட்டி இருளர் வீடுகள் பதினெட்டு. அதில் கடைசி வீடு பாப்பாவுடையது. வயது முப்பத்தெட்டு இருக்கலாம், அவருக்கே சரியாகத் தெரியாது. பிறந்தது ஒரு செங்கல் சூளையில். அப்பா அம்மா வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பமே அங்கே அடைந்து கிடந்தது. அதிகாரிகள் வந்து மீட்டபோது பாப்பாவுக்கு வாயில் பல் விழுந்து முளைத்திருந்தது, அதை வைத்துத்தான் வயதைக் கணக்குப் போட்டார்களாம். பிறகு எல்லப்பனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். எல்லப்பன் சவுக்கு வெட்டப் போகிறவர். கடப்பாக்கம் பக்கம் போனால் இருபது நாள், ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவார். ஒரே மகள் கவியா, என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுடைய சாதிச் சான்றிதழுக்காக பாப்பா எத்தனை முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தார் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன். கூட ஒருநாள் போய், நான் இந்தப் பிள்ளையின் வாத்தியார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் நான் பாப்பாவை 'நீ' என்றுதான் பேசுவேன், எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். காகிதத்தில் மரியாதை கொடுப்பது சுலபமாக இருக்கிறது.

எனக்கு ஒன்றரை ஏக்கர் கழனி உண்டு. நெல் கதிர் பிடிக்கிற சமயத்தில் எலி வந்து தாளைக் கத்தரித்துப் போடும். அப்போது பாப்பாவைக் கூப்பிடுவோம். அவர் வேலை செய்வதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. காலையில் கையை வீசிக்கொண்டு வரப்பைச் சுற்றி வருவார். வளையின் வாயில் கிடக்கிற மண் ஈரமா, காய்ந்ததா என்று குனிந்து பார்ப்பார். ஈரமென்றால் ஆள் உள்ளே. மற்ற வாய்களையெல்லாம் சேற்றால் அடைத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, திறந்திருக்கும் வாயில் புகையை ஊதுவார். அப்புறம் கடப்பாரை. பாம்புச் சட்டை கிடக்கிற வளையைத் தொட மாட்டார். வடக்கு வரப்பில் இரண்டு மூன்று வளைகளை வேண்டுமென்றே விட்டுவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாத்தையும் புடிச்சிட்டா கோட்டான் இன்னா துன்னும் சார்? அது வேற ஊரு பாத்துப் போயிடுச்சின்னா, அடுத்த போகத்துக்கு நீங்களும் நானுமா ராவெல்லாம் வரப்புல குந்திகினு இருப்போம்?"

நான் வகுப்பில் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டு சொல்வதை அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார் என்று மனைவி காயத்ரியிடம் சொல்லிச் சிரித்தேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

நான் வகுப்பில் சொல்வது இது. வெயிலாகக் கழனியில் கொட்டுகிற ஆற்றலில் நெற்பயிர் பிடித்து வைப்பது நூற்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அந்த நெல்லை எலி தின்கிறது. தின்றதெல்லாம் எலியின் உடம்பில் தங்காது. ஓட, வளை தோண்ட, குட்டி போட, குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள என்று முக்கால்வாசிக்கு மேல் செலவாகி வெப்பமாகப் போய்விடும், கொஞ்சம் புழுக்கையாகவும் போகும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் சதையாக நிற்கும். எலியைத் தின்கிற கோட்டானுக்கும் அதே கதை. ஆயிரம் பங்கு நெல், நூறு பங்கு எலி, பத்துப் பங்கு கோட்டான். அதனால்தான் ஒரு ஊர் நிறைய நெல் இருக்கும், ஒரு கழனி நிறைய எலி இருக்கும், கோட்டான் மட்டும் ஒரு பனைமரத்தில் ஒரு ஜோடி இருக்கும். மண்ணில் இருக்கும் சத்து செத்தது, மக்கியது வழியாகத் திரும்பவும் பயிருக்கு வந்து சேரும். ஆற்றல் அப்படித் திரும்பாது. ஒரு பக்கமாக ஓடித் தீர்ந்துவிடும், மறுநாள் சூரியன்தான் புதிதாகக் கொடுக்க வேண்டும். இதைப் போர்டில் கோபுரமாக வரைந்து வரைந்து எனக்குக் கை பழகிவிட்டது.

அந்தக் கோபுரத்தில் பாப்பாவை எங்கே வைப்பது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைக்குள் இருக்கிற தானியம் தோண்டியவருக்கே சொந்தம். எலி கதிரை வெட்டி உள்ளே இழுத்துப்போய் அறை அறையாக அடுக்கி வைத்திருக்கும். ஒரு நல்ல வளையில் நாலைந்து படி நெல் கிடைக்கும். நிலத்துக்காரன் யாரும் அதைக் கேட்க மாட்டான். பாப்பா பிடித்த எலியையும் கொண்டுபோவார், அந்த எலி இன்னும் தின்னாத நெல்லையும் கொண்டுபோவார். எலியின் உடம்பில் எரிந்து வீணாகப் போக இருந்த ஆற்றலை அது எரிவதற்கு முன்பே மீட்டு எடுக்கிற வேலை அது. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது எழுதுகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு.

இந்தத் தை மாதம் எலி கொஞ்சம் அதிகம். ஒரு சனிக்கிழமை பாப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். மேலண்டைக் கழனியில் வேலை ஒப்புக்கொண்டிருக்கிறேன், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு முன்கோபம், அது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். கதிர் முற்றுகிற நேரம், நாலு நாளில் பாதிக் கழனி போய்விடும், இவள் எனக்கு நாள் குறிக்கிறாளா என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

நான் சும்மா கையில் கிடைத்ததை வாங்கி வரவில்லை. படித்தவனாயிற்றே. பழைய எலி மருந்து கறுப்பாக இருக்கும், பூண்டு நாற்றம் அடிக்கும். ஒரு எலி தின்று அங்கேயே சுருண்டு விழுந்தால் மற்ற எலி அந்தப் பக்கமே வராது. புது மருந்துக்கு நாற்றம் இல்லை. தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறைகிற தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து நாலைந்து நாள் கழித்து வளைக்குள்ளேயே சாகும். எதனால் செத்தது என்று கூட்டாளி எலிகளுக்குத் தெரியாது. பொட்டலத்தில் இருந்த பொடி எழுத்தை எல்லாம் படித்து, சொன்ன அளவில், நொய் அரிசியில் கடலை எண்ணெயும் சர்க்கரையும் விட்டுப் பிசறி, வளைக்கு ஒரு பிடி வீதம் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பாப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று போலீசில் சொன்னேன். மறக்கவில்லை. திங்கட்கிழமை நினைத்தேன், செவ்வாய்க்கிழமையும் நினைத்தேன். சொன்னால், பொறுக்க முடியாமல் மருந்து வைத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டானைப் பற்றி அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் வாயால் நான் பேச்சு வாங்குவதா என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது பாப்பா சொன்ன சொல் தவறாமல் வந்து என் கழனியைத் தோண்டியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குத் திரும்புகையில் ஏரி மதகுக்குப் பக்கத்தில் எதிரே வந்தார். தோளில் கடப்பாரை, தலையில் சாக்கு. முகமெல்லாம் சேறு, நல்ல சந்தோஷத்தில் இருந்தார். நான் பைக்கை நிறுத்தினேன்.

"முப்பத்தி ரெண்டு எலி சார். எல்லாம் சோம்பேறியா கீது, ஓடவே இல்ல. வளையில நெல்லோட அரிசியும் நாலஞ்சு பிடி கெடச்சுது. உங்க வூட்டு அரிசிதான் போல, எண்ணெ வாசன அடிக்குது. குத்துற வேலை மிச்சம்."

இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். கறுப்பாக இருந்திருந்தால் அவரே தூக்கி எறிந்திருப்பார். பூண்டு நாற்றம் அடித்திருந்தால் வளையையே மூடிவிட்டுப் போயிருப்பார். எலியை ஏமாற்ற நான் தேடி வாங்கிய மருந்து பாப்பாவையும் ஏமாற்றிவிட்டது. அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: அதைக் கொட்டிவிடு, மருந்து கலந்தது.

"சரி, பாத்துப் போ" என்றேன்.

வண்டியைக் கிளப்பியதும் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். கிலோவுக்கு மருந்து இவ்வளவு. வளைகள் இத்தனை. எலி தின்றது போக மீதி. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதானே மேலே போகும், அதில் ஒரு பங்கு, அந்த ஒரு பங்கிலும் ஒரு பங்கு, ஒன்றும் ஆகாது. வீடு வந்து சேர்வதற்குள் கணக்கு எனக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் தோற்கிற பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. பத்தில் ஒரு பங்கு என்பது ஆற்றலுக்கு. ஆற்றல் எரிந்து வெப்பமாகப் போவதால்தான் குறைகிறது. விஷம் எரிவதில்லை. தின்றவன் உடம்பில், ஈரலில், அப்படியே உட்கார்ந்திருக்கும். மேலே போகப் போக ஆற்றல் குறையும், விஷம் சேரும். இதையும் நான்தான் வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறேன். அதுவும் போக அந்த அரிசி எந்தப் படியும் ஏறவே இல்லை. எலி அதைத் தின்னாமல் எடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். என் கை பிசைந்த அரிசி நேராக பாப்பாவின் உலையில் விழுந்தது.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. சனிக்கிழமை பாப்பாவை ஏரிக்கரையில் தூரத்திலிருந்து பார்த்தேன். விறகு சுமந்து போனார். என் கணக்கு சரிதான் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை கவியா வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கேட்டதற்கு, அவள் அம்மாவுக்கு ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வருகிறதாம், ஒன்றுக்குப் போனாலும் ரத்தமாம், ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், பாம்பு கடித்திருக்கும் என்கிறார்கள் என்றாள்.

நான் பாடத்தை நிறுத்தவில்லை. அன்று ஐந்து பிரிவேளையும் எடுத்தேன். பாம்பாகத்தான் இருக்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கண்ணாடி விரியன் கடித்தாலும் ரத்தம் உறையாது, எலி பிடிக்கிறவர் கையை வளைக்குள் விடுகிறவர், கடிக்காமலா இருக்கும். ஒரு பாம்பு அவரைக் கடித்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டவன் நான். வீட்டுக்கு வந்ததும் மாட்டுக் கொட்டகையில் செருகி வைத்திருந்த மருந்துப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டு மேலே சாணியைத் தள்ளினேன். காயத்ரி பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அது நம்ம கழனியில வெச்சதுதான? அந்தப் பொம்பளைகிட்ட சொன்னீங்களா, இல்லியா?" என்றாள்.

நான் சாணிக் கையைக் கழுவப் போய்விட்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவும் இல்லை, எனக்குச் சாப்பாடும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குப்பைக்குழிக்குப் போய்ப் பொட்டலத்தைத் தோண்டி எடுத்தேன். கழுவி, பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு வண்டியை விட்டேன். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நின்று கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். போலீஸ் கேஸ் ஆகும், மெமோ வரும், இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் போகும். கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். அந்தக் கால் மணி நேரத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஹெலன் என்று ஒரு இளம் மருத்துவர். பாப்பாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் வைத்துப் பார்த்தும் உறையவில்லை, இருளர் என்றார்கள், எலி பிடிப்பவர் என்றார்கள், அதனால் பாம்பு விஷத்துக்கான முறிவு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் உடம்பில் கடிவாயும் இல்லை, வீக்கமும் இல்லை, மருந்துக்கும் ரத்தம் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று பலமுறை கேட்டாராம். ரேஷன் அரிசிச் சோறு, ரசம் என்பதையே பாப்பா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

நான் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். என் கழனியில் இதை வைத்திருந்தேன், வளையிலிருந்து ஒருவேளை அரிசி எடுத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தது, அதனால் ஓடி வந்தேன் என்றேன். 'ஒருவேளை' என்றேன். 'சந்தேகம்' என்றேன். டாக்டர் பொட்டலத்தைப் படித்ததும் நர்ஸிடம் வைட்டமின் கே ஊசியும் பிளாஸ்மாவும் சொல்லிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாப்பாவின் உதடு வெடித்துக் காய்ந்த ரத்தமாக இருந்தது. கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். காலடியில் கவியா உட்கார்ந்திருந்தாள்.

வளையில் எடுத்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டாயா, ஏன் இதைச் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். பாப்பா என்னைத்தான் பார்த்தார். கவியா எழுந்து நின்றாள்.

"நான்தான் சொல்ல வேணான்னு சொன்னேன் டாக்டர். கிளாஸ்ல உணவுச் சங்கிலிக்கு எடுத்துக்காட்டு கேட்டாங்க. நெல்லு, எலி, நாங்கன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சாரு நாங்கன்றத அழிச்சிட்டு ஆந்தைன்னு எழுதினாரு. அதுலேந்து நான் வளை நெல்லு துன்றதில்ல. எங்கம்மாவையும் வெளியில சொல்லாதேன்னு சொல்லி வெச்சேன்."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. அங்கே நின்று யோசித்த பிறகுதான் வந்தது. ஜூலையில், ஒன்பதாம் வகுப்பில். அவள் சொன்னதைக் கேட்டபடி போர்டில் எழுதிக்கொண்டே போனேன், 'நாங்கள்' என்று எழுதிய பிறகு பின்னால் சிரிப்புக் கேட்டது. பிள்ளைக்கு அவமானமாகிவிடக்கூடாதே என்று டஸ்டரை எடுத்தேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். சிரித்தவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சங்கிலியில் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான், அவள் பதிலைத்தான் அழித்தேன். கவியாவின் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, அவள் அந்தச் சோற்றைத் தொடவில்லை. அப்படியானால் நான் அழித்ததால்தானே இவள் தப்பித்தாள் என்று ஒரு நொடி எனக்குள் ஓடியது. அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாளே ரத்தம் கட்டுக்குள் வர ஆரம்பித்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் பாப்பா. இந்த மருந்து ஈரலை விட்டு லேசில் போகாது, இரண்டு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்கிடையில் போலீஸ் வந்து விசாரித்தது. மருந்து வைத்தேன், சொல்ல மறந்துவிட்டேன், அரிசி எடுத்தது எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கடப்பாக்கத்திலிருந்து வந்து சேர்ந்த எல்லப்பன் புகார் எதுவும் இல்லை என்று கைநாட்டு வைத்தார். வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், சார் வராமல் இருந்தால் என் பெண்சாதி செத்திருப்பாள் என்றார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

பாப்பா வீடு திரும்பிய பிறகு வந்த திங்கட்கிழமை, காலை வணக்கக் கூட்டத்தில் ரெஜினா டீச்சர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். எந்தப் பாடமும் வீண் போகாது, நம் தனகோடி சார் படித்த அறிவியல் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று பேசிச் சால்வை போர்த்தினார். நானூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். மைக் என் முன்னால்தான் இருந்தது. இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு நன்றி என்று மட்டும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கவியாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பாப்பா வீட்டுக்குப் போனேன். ஒரு பையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போயிருந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நான் நிற்பது அதுவே முதல் முறை. கவியா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். உட்காருங்க என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். சொல்ல வந்தது வேறு. மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், விறகு தூக்கக் கூடாது, அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் மாதிரி பேசிக்கொண்டே போனேன். நான் பேசி முடிக்கும்வரை பாப்பா காத்திருந்தார்.

"மதகாண்ட உங்களப் பாத்து நான்தான சொன்னேன் சார், அரிசி கெடச்சுதுன்னு."

ஆமாம் என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

ஆமாம் என்றேன். தப்புதான், பெரிய தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். முதல்முறையாக நீங்கள் என்று சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. பாப்பா மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போலீசுகாரு என்கிட்டயும் கேட்டாரு. நீ அரிசி எடுத்தது சாருக்குத் தெரியுமா, எதுனா சொன்னியான்னு. இல்லன்னுட்டேன். நெசத்தச் சொன்னா உங்கள வேலய விட்டு எடுத்துடுவாங்க. கவியாக்கு அடுத்த வருசம் பத்தாவது. அந்தப் பள்ளிக்கூடத்துல அந்தப் பாடத்துக்கு வேற வாத்தியாரு யாரு சார் கீறாங்க?"

வெளியே கவியா குடத்தோடு வருவது தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வகுப்பில் சொல்வது போலவே, வணக்கம் சார் என்றாள்.